பதக்கம் உண்டு, போட்டி இல்லை: இளையோர் விருது கேட்பது வாரம் ஒரு மணி நேரம்

ஜொகூர் பாரு – பதக்கம் என்றாலே முதலிடம், இரண்டாமிடம் என்று நினைக்கும் பெற்றோருக்கு ‘அனுகெரா ரெமாஜா பெர்டானா’ புதிராகத் தோன்றலாம். இதில் யாரும் யாரையும் வெல்ல வேண்டியதில்லை. தொடங்கியதை விடாமல் செய்து முடித்தவர் அனைவருக்கும் விருது உண்டு.

இளைஞர், விளையாட்டுத்துறை அமைச்சின் இத்திட்டம், 1956இல் பிரிட்டனில் தொடங்கிய எடின்பர்க் கோமகன் விருதின் மலேசிய வடிவம். 14 முதல் 24 வயது வரையிலானவர்களுக்கு உரியது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலைகள் உள்ளன.

சமூகச் சேவை, திறன், உடற்பயிற்சி ஆகிய மூன்றுக்கும் வாரத்துக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். நான்காவது, குழுவாகச் செல்லும் சாகசப் பயணம். வெண்கலத்துக்குக் குறைந்தது 6 மாதமும் 2 பகல் 1 இரவுப் பயணமும் தேவை. தங்கத்துக்கு 4 பகல் 3 இரவுப் பயணத்தோடு, அறிமுகமில்லாதவர்களுடன் 5 நாள் தங்கிச் செய்யும் பணியும் உண்டு.

“இதெல்லாம் வசதியான பட்டணத்துப் பிள்ளைகளுக்கு” என்று தோட்டப்புறங்களில் நினைக்க வேண்டியதில்லை. உறுமி மேளம் கற்பது திறன். சிலம்பமும் திடலில் பந்து விளையாடுவதும் உடற்பயிற்சி. சிறுவர்களுக்கு வாசிக்கக் கற்றுத்தருவது சேவை. ஆனால், சம்பளம் வாங்கிச் செய்வதும் சொந்த வீட்டு வேலையும் சேவையில் சேராது.

எதைக் கற்கப்போகிறோம் என்று முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் செய்ததைப் பதிவுசெய்ய வேண்டும். அத்துறை தெரிந்த பெரியவர் ஒருவர் அதைப் பார்த்து உறுதிப்படுத்த வேண்டும். பல ஆண்டுகளாக உறுமி அடிப்பவராக இருந்தாலும், விருதில் பதிந்துகொள்வதற்கு முந்திய காலம் கணக்கில் வராது.

எஸ்.பி.எம். தேர்வோடு வாய்ப்பு முடிந்துவிடுவதில்லை. பள்ளியை விட்டு வேலைக்குப் போகும் 20 வயது இளைஞரும் சேரலாம். வேலைக்கோ மேற்படிப்புக்கோ இது உறுதிச்சீட்டு அல்ல. ஆனால், ஒரு காரியத்தை மாதக்கணக்கில் விடாமல் செய்தவர் என்பதற்கு இது எழுத்துச் சான்று. 130க்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் இவ்விருது நடைபெறுகிறது. சிங்கப்பூரில் 1992 முதல் தேசிய இளையர் சாதனை விருது என்ற பெயரில் உள்ளது.

தனியாளாகச் சேர முடியாது. பள்ளி, கல்லூரி, இளைஞர் அமைப்பு போன்ற, விருதை நடத்த அனுமதி பெற்ற ஒன்றின் வழியாகவே பதிய வேண்டும். பிள்ளையின் பள்ளியில் இத்திட்டம் இல்லையென்றால், இளைஞர், விளையாட்டுத்துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். பயணத்துக்குக் கூடாரம், போக்குவரத்து என்று செலவு வரும் என்பதால், அதை யார் ஏற்பார்கள் என்று பதியும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.