உங்களுக்குத் தெரியுமா? வயல், மோட்டார் கொட்டகை, எலெக்ட்ரானிக்ஸ்

பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோர், எலெக்ட்ரானிக்ஸ் என்றதும் முதலில் கேட்பது "எந்த கிட் வாங்கலாம்?" என்றுதான். காவிரி டெல்டாவில் இருப்பவர்களுக்கு என் பதில்: இப்போதைக்கு எதுவும் வேண்டாம். வயலையும் மோட்டார் கொட்டகையையும் அரிசி மூட்டையையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

✦

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சிக்காலம் 1798–1832) தனி ஆசிரியர்களிடம் படித்து வளர்ந்தவர். ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் அவருடைய படிப்புக்குப் பொறுப்பேற்றார். பிறகு சென்னையில் கெரிக்கே என்ற பாதிரியார் சொல்லிக்கொடுத்தார். அந்த மாணவர் மன்னரானதும் அரண்மனையில் சேர்த்துவைத்த பொருட்களில் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் பம்பும், உராய்வால் மின்சாரம் உண்டாக்கும் எந்திரமும், தந்தத்தில் செய்த மனித எலும்புக்கூடும் இருந்தன. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்துக்குப் போகிறவர்கள் ஓலைச்சுவடிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த மின்சார எந்திரத்தைப் பற்றி யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

✦

வீட்டில் படிக்கும் பிள்ளை பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு என்ன செய்யும்? 1989-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. 14 வயது நிறைந்தவர்கள் அங்கே பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதலாம். சின்னப் பிள்ளைகளுக்கு 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு இணையான மூன்று நிலைகள் உண்டு. அறிவியல் பாடத்தில் செய்முறைத் தேர்வும் இருப்பதால், கையால் செய்து பழகிய பிள்ளைக்கு அது கூடுதல் வசதி.

✦

டெல்டாவில் ஒரு நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது. 1966-இல் திருச்சி வானொலி விவசாயிகளுக்கென்று தனி நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஆடுதுறையில் உருவான ஏடிடி 27 ரகத்தைப் பற்றித் தஞ்சாவூர் ஜில்லா விவசாயிகள் கேட்டறிந்தது அதன் வழியாகத்தான். விதை கேட்டு வந்தவர்கள் ரக எண்ணைச் சொல்லாமல், ரேடியோவில் சொன்ன நெல் என்று கேட்டதில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

இதைச் சொல்லிவிட்டு அடுத்த வேலையாக ரேடியோவைச் செய்யச் சொல்லலாம். திருச்சி நிலையம் வெகுகாலம் ஒலித்த மத்திய அலை எண் 936 கிலோஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை அதனால் வகுத்தால் அலைநீளம் ஏறத்தாழ 320 மீட்டர். அந்த எண்ணைப் பிடிக்க 240 மைக்ரோஹென்ரி சுருளும் 120 பிகோஃபாரட் கெப்பாசிட்டரும் போதும். உண்மையில் மாற்றத்தக்க கெப்பாசிட்டரைப் போட்டுத் திருகித் தேடுவதுதான் சுகம். ஒரு ஜெர்மானியம் டையோடு (கடையில் ஓஏ 79 என்று கேளுங்கள்), இரண்டு தென்னைக்கு நடுவே கட்டிய நீளக் கம்பி, ஈர மண்ணில் இறக்கிய ஓர் எர்த் கம்பி இவற்றையும் சேர்த்தால் ரேடியோ தயார். பேட்டரி கிடையாது. காதில் கேட்கும் ஒலிக்கான சக்தி முழுவதும் காற்றில் வந்த அலையிலிருந்தே கிடைக்கிறது. இதற்கேற்ற பழைய கிரிஸ்டல் இயர்போன் இப்போது கிடைப்பது அரிது. கிடைக்காவிட்டால் எல்எம் 386 ஐசியில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மட்டும் 9 வோல்ட் பேட்டரி வேண்டும்.

ஏரியல் கம்பி மின்கம்பிக்குப் பக்கத்தில் போகவே கூடாது. ஐப்பசி இடி தொடங்கினால் ரேடியோவையும் ஏரியலையும் பிரித்துவிட வேண்டும். இந்த இரண்டிலும் பிள்ளையோடு பேரம் பேசாதீர்கள்.

✦

படிகத்தைக் கொண்டு வானலையைக் கண்டறியும் முறைக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் ஜகதீஷ் சந்திர போஸ். அவர் பயன்படுத்தியது கலீனா என்ற ஈயத் தாது. நீங்கள் வாங்கும் ஜெர்மானியம் டையோடு அதன் பேரப்பிள்ளை.

✦

முதல் புராஜெக்ட் என்ன என்று கேட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது மாடித் தொட்டி அலாரம். தண்ணீர் நிரம்பி வழிவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அதை நிறுத்தும் பிள்ளைக்கு வீட்டில் மரியாதை கூடும்.

வேண்டியவை பிசி 547 டிரான்சிஸ்டர் ஒன்று, ஒரு பசர், இரண்டு ரெசிஸ்டர், இரண்டு திருகாணி. தண்ணீர் இரு திருகாணிகளையும் தொட்டதும் மிகச் சிறிய மின்னோட்டம் டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போகும். அது சுண்டுவிரலால் மதகைத் திறந்துவிட்டது போல. அதைப் போல நூறு மடங்குக்கு மேற்பட்ட மின்னோட்டம் கலெக்டர் வழியாகப் பாய்ந்து பசர் கத்தும். செம்புக் கம்பியை நனையவிட்டால் சில வாரங்களில் பச்சை பூத்து அரித்துவிடும். நேர் மின்னோட்டம் நீரில் செய்யும் வேலை அது. எவர்சில்வர் திருகாணி போட்டால் நெடுநாள் தாங்கும். நாகப்பட்டினம் பக்கத்து உப்புத்தண்ணீரில் இந்த அலாரம் இன்னும் சுலபமாக வேலை செய்யும், ஏனென்றால் உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.

இதே சர்க்யூட் வயலுக்கும் போகும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறைக்கு சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்லும் கருவி ஒரு பிளாஸ்டிக் குழாய்தான். ஏறத்தாழ 30 செ.மீ. நீளத்தில் வெட்டி, கீழ்ப்பாதியில் துளை போட்டு, அந்தப் பாதியை வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் தரையிலிருந்து 15 செ.மீ. கீழே இறங்கினால் மறுபடி பாய்ச்சலாம். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. பசருக்குப் பதில் எல்இடியைப் போட்டு, 15 செ.மீ. ஆழத்தில் திருகாணி முனைகள் இருக்கும்படி வைத்தால், நீர் இறங்கியதும் எல்இடி அணையும். முறைப்பாசனத்தில் தண்ணீருக்குக் காத்திருக்கும் கடைமடை விவசாயிக்கு, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பது வெறும் பாடக் கணக்கு அல்ல.

✦

9 வோல்ட் பேட்டரியில் சிவப்பு எல்இடியை நேராக இணைத்தால் அது கருகிவிடும். எல்இடி எடுத்துக்கொள்வது சுமார் 2 வோல்ட். மீதி 7 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 15 மில்லி ஆம்பியர் போதுமென்றால் 7-ஐ 0.015-ஆல் வகுக்க 467 வரும். கடையில் 470 ஓம் கிடைக்கும். ஓம் விதியைக் கரும்பலகையில் சொல்லிக்கொடுப்பதைவிட ஒரேயொரு எல்இடியைத் தெரிந்தே கருகவிடுவது மேல். விலை இரண்டொரு ரூபாய்தான்.

✦

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் சிக்கல். மழையில் நனைந்த குறுவைக்கு இந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லிக் கோரிக்கை எழுவது டெல்டாவில் பழகிப்போன செய்தி. மேசையில் இருக்கும் ஈரப்பதமானி நெல்லில் எதை அளக்கிறது என்று கேட்டிருக்கிறீர்களா? அளப்பது மின்சாரத்தை. சில கருவிகள் நெல்லின் மின்தடையை அளக்கும். வேறு சில, இரு தகடுகளுக்கு நடுவே நெல்லைப் போட்டு மின்தேக்கு திறனை அளக்கும். நீரின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 80, உலர்ந்த தானியத்துக்கு வெகு குறைவு. ஆகவே கொஞ்சம் ஈரம் ஏறினாலும் அளவு எகிறும்.

கெப்பாசிட்டர் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டரும் இரண்டு தகரத் தகடும் இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். காய்ந்த நெல், ஒரு நாள் நிழலில் வைத்த நெல், தண்ணீர் தெளித்த நெல் மூன்றையும் அளந்து நோட்டில் எழுதட்டும். தட்டி நிரப்பினால் ஒரு எண், தளர்வாகக் கொட்டினால் வேறு எண் வரும். அந்த வித்தியாசத்தைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது பெற்றோருக்கான செய்முறைத் தேர்வு.

✦

'சார்டெக்ஸ்' அரிசி என்று மூட்டையில் போட்டிருப்பது, 1947-இல் லண்டனில் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் பெயர். அரிசி ஒவ்வொன்றாக விழும்போதே கேமரா பார்த்து, கறுப்பு அரிசியைக் காற்றை ஊதித் தள்ளிவிடுவது அந்த நிறுவனத்தின் எந்திரம். அதில் உள்ள தந்திரத்தை ஓர் எல்டிஆர் (ஒளிக்கேற்ப மின்தடை மாறும் உறுப்பு), ஒரு எல்இடி, கறுப்பு அட்டை, வெள்ளை அட்டை வைத்து ஒரு மாலையில் புரியவைத்துவிடலாம்.

✦

வயல் சேறு மின்சாரம் தரும். செம்புக் கம்பியும் துத்தநாகம் பூசிய ஆணியும் சேற்றில் செருகினால் ஒரு வோல்ட்டை நெருங்கும் மின்னழுத்தம் வரும். நான்கைந்து கிண்ணங்களைத் தொடராக இணைத்தால் சிவப்பு எல்இடி இருட்டில் மங்கலாகத் தெரியும். இது எலுமிச்சம்பழ பேட்டரியின் தம்பிதான். மின்சாரம் துத்தநாகம் கரைவதால் வருகிறது.

ஆனால் சேற்றில் இன்னொரு வகை மின்சாரமும் உண்டு. காற்றில்லாத சேற்றில் வாழும் ஜியோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள், தாம் தின்றதிலிருந்து விடுபடும் எலெக்ட்ரான்களை வெளியே தள்ளும். ஜப்பானிய ஆய்வாளர்கள் நெல் வயலில் ஒரு கார்பன் மின்முனையைச் சேற்றிலும் மற்றொன்றை நிற்கும் நீரிலும் வைத்து மின்சாரம் எடுத்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். பகலில் மின்சாரம் கூடியது, இரவில் குறைந்தது. வெயிலில் பயிர் தயாரிக்கும் சத்தில் ஒரு பங்கு வேர் வழியாகச் சேற்றுக்குக் கசிவதுதான் காரணம். கிடைப்பது சொற்பம். மோட்டார் ஓட்டும் கனவெல்லாம் வேண்டாம். ஆனால் மல்டிமீட்டரில் காலையும் இரவும் எண்ணைக் குறித்துவைக்க, பொழுதுக்கும் வீட்டில் இருக்கும் பிள்ளையால்தான் முடியும்.

✦

555 டைமர் ஐசியை ஹான்ஸ் காமன்சிண்ட் 1971-இல் வடிவமைத்தார். அதில் சுருதிப்பெட்டி செய்யலாம். அதிர்வெண்ணுக்கான சூத்திரம்: 1.44-ஐ, (முதல் ரெசிஸ்டர் + இரண்டாவதன் இரு மடங்கு) × கெப்பாசிட்டர் என்பதால் வகுக்க வேண்டும். 0.1 மைக்ரோஃபாரட், 1 கிலோ ஓம், 27 கிலோ ஓம் போட்டால் 261.8 ஹெர்ட்ஸ் வரும். ஒரு கட்டை ஸட்ஜமத்துக்கு அவ்வளவு பக்கம். பஞ்சமம் அதைப்போல ஒன்றரை மடங்கு, அதாவது 392-ஐ ஒட்டி வரவேண்டும். 27-ஐ எடுத்துவிட்டு 18 கிலோ ஓம் போட்டால் 389 தான் வருகிறது. பாட்டு படிக்கும் பிள்ளையானால் அங்கேயே முகம் சுளிக்கும். கடை ரெசிஸ்டரில் 5 சதவீதமும் கெப்பாசிட்டரில் அதற்கு மேலும் பிசகு இருக்கும் என்பதால் ஸட்ஜமமே கொஞ்சம் விலகி நிற்கலாம். மாற்றத்தக்க ரெசிஸ்டரைத் திருகித்தான் சேர்க்க வேண்டும். வீணைக்குப் பேர்போன தஞ்சாவூரில் சுருதி சேர்ப்பதற்கு ஆள் தேட வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுப் பாட்டியே போதும்.

✦

மும்முனை மின்சாரம் நடுராத்திரி வந்தால் எழுந்து வயலுக்கு ஓடாமல், போனிலிருந்தே மோட்டாரைப் போடுகிறார்கள். போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் எழும் 'பீப்' இரண்டு ஸ்வரங்களின் கலவை. 5-க்கு 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும். இதைப் பிரித்தறியும் எம்டி 8870 ஐசியும் நான்கு எல்இடியும் இருந்தால், அழுத்திய எண் இரும எண்ணாக எரியும். 0-ஐ அழுத்தினால் மட்டும் 1010, அதாவது பத்து காட்டும். பழைய சுழல் டயல் போனிலும் 0-க்குப் பத்துத் துடிப்புதான். அசல் மோட்டார் ஸ்டார்ட்டரின் மூடியைத் திறக்கும் வேலை இதில் சேராது. 230 வோல்ட்டும் 415 வோல்ட்டும் பிள்ளைகளுக்கான பாடம் அல்ல.

✦

2006 முதல் அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி பரணில் கிடக்கிறதா? பிரித்துப் பார்க்கவே கூடாத பழைய சாமான் அது. படக்குழாயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறியிருக்கும், அணைத்த பிறகும் தங்கும். பழைய ரேடியோ, பொம்மைக் கார், பழுதான எமர்ஜென்சி லைட் (பேட்டரியை முதலில் கழற்றிவிட்டு) தாராளமாகப் பிரிக்கலாம்.

✦

சால்டரிங் ஈயத்தில் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். 190 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். சாப்பிடும் இடத்தில் வேண்டாம், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும்.

✦

பள்ளிப் பிள்ளைகளுக்கும் கையால் செய்யும் அறிவியல் வேண்டும் என்று அரசு தொடங்கிய 'வானவில் மன்றம்' 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில்தான் துவக்கிவைக்கப்பட்டது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ் 1987-இலிருந்து வருகிறது. வீட்டில் படிப்பவர்களுக்கும் பயன்படும்.

✦

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா, பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தை உருவாக்கும் பணியை மேற்பார்வையிட்டவர். இந்தியாவில் எந்திரத்தில் முதன்முதலாக வாக்களித்தது 1982 மே மாதம், கேரளத்தின் பரவூர்த் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில். சட்டத்தில் எந்திரத்துக்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தலை ஏற்கவில்லை. 1988-இல் சட்டம் திருத்தப்பட்டது.

அந்த எந்திரத்தின் உயிர்நாடி, ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தியதும் மற்ற பொத்தான்கள் செத்துப்போவது. அதிகாரி மறுபடி அனுமதித்தால்தான் உயிர் வரும். எஸ்சிஆர் (ஒருமுறை தூண்டினால் அப்படியே இயங்கி நிற்கும் சுவிட்ச்) போட்ட வினாடி வினா பசர் சர்க்யூட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. மூன்று பொத்தான், மூன்று எல்இடி, அம்மா கையில் ஒரு ரீசெட் பொத்தான் வைத்து, இரவு என்ன டிபன் என்று வீட்டுத் தேர்தல் நடத்துங்கள். பெரும்பாலான தொகுதிகளில் உப்புமா டெபாசிட் இழக்கும்.