மசகு எண்ணெய்க்குள் எத்தனை குடும்பங்கள்?

2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, அம்பாறை மாவட்டத்தின் சங்கமன்கண்டி முனைக்கு அப்பால் சுமார் 38 கடல் மைல் தொலைவில் ‘நியூ டயமண்ட்’ என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தது. குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்கு ஏறக்குறைய 270,000 தொன் மசகு எண்ணெயை ஏற்றிச் சென்ற கப்பல் அது. பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் உயிரிழந்தார். தீ ஒருமுறை அணைந்து மறுபடியும் மூண்டு, 9ஆம் திகதிதான் அடங்கியது. கப்பலின் சொந்த எரிபொருள் ஓரளவு கசிந்தாலும் மசகு எண்ணெய்த் தாங்கிகள் தப்பின. அவை உடைந்திருந்தால் பொத்துவில் முதல் கல்முனை, மருதமுனை வரை மீன்பிடியை நம்பிய ஊர்களின் கதி என்ன?

அதைச் சொல்ல, அந்த எண்ணெய்க்குள் என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். மசகு எண்ணெய் தனிப்பொருளல்ல. ஆயிரக்கணக்கான சேர்வைகளின் கலவை. அவற்றில் பெரும்பாலானவை காபனும் ஐதரசனும் மட்டுமே சேர்ந்த ஐதரோகாபன்கள். சேதன இரசாயனம் இவற்றை இரண்டு கேள்விகளால் பிரிக்கிறது. காபன் அணுக்கள் திறந்த சங்கிலியாக நிற்கின்றனவா, வளையமாக மூடியிருக்கின்றனவா? அவற்றுக்கிடையே ஒற்றைப் பிணைப்பு மட்டுமா, இரட்டையோ மும்மையோ உண்டா?

ஒற்றைப் பிணைப்பு மட்டுமுள்ள சங்கிலிகள் அற்கேன்கள். மேலும் ஐதரசன் ஏற இடமில்லாததால் இவை நிரம்பியவை. ஒரு காபன் இருந்தால் மெதேன். மூன்று இருந்தால் புரொப்பேன். நான்கு இருந்தால் பியூற்றேன். சமையல் காஸ் சிலிண்டரில் இருப்பவை கடைசி இரண்டும்தான். ஒரு காபன் கூடினாலே குணம் மாறிவிடும்: புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகை செல்சியஸில் கொதிக்கும்; பியூற்றேன் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே கொதிக்கும். ஆகவே புரொப்பேனின் பங்கு கூடக் கூடச் சிலிண்டருக்குள் அமுக்கம் ஏறும். 2021இன் கடைசியில் இலங்கை வீடுகளில் நடந்த காஸ் வெடிப்புகளுக்கு இந்த விகிதத்தை மாற்றியதே முக்கிய காரணம் என்று ஜனாதிபதி நியமித்த குழு முடிவு சொன்னது. சங்கிலி இன்னும் நீண்டால் பெற்றோல், படகு இயந்திரத்துக்கு ஊற்றும் மண்ணெண்ணெய், டீசல், கடைசியில் மெழுகு.

இரட்டைப் பிணைப்பு உள்ளவை அற்கீன்கள். மும்மைப் பிணைப்பு உள்ளவை அற்கைன்கள். நிரம்பாத இவை வேறு அணுக்களைச் சட்டென்று சேர்த்துக்கொள்ளும். மசகு எண்ணெயில் இவை இல்லையென்றே சொல்லலாம். சுத்திகரிப்பு நிலையத்தில் நீண்ட சங்கிலிகளை வெப்பத்தால் உடைக்கும்போதுதான் அற்கீன்கள் கிடைக்கின்றன. அவற்றில் மிக எளியது எதீன். வாழைக்குலை தானாக வெளிவிட்டுப் பழுக்கும் வாயு அதுவே. அதே மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் கோத்தால் பொலித்தீன் பை. காபைட்டில் தண்ணீர் பட்டதும் கிளம்பும் அசற்றலீன், அற்கைன்களில் முதலாவது. வெல்டிங் கடையில் ஒட்சிசனோடு சேர்த்து எரித்தால் அதன் சுவாலை 3,000 பாகையைத் தாண்டும், இரும்பே உருகும்.

வளையங்களிலும் இரண்டு வகை உண்டு. சைக்கிளோஎக்சேன் போன்றவை பெரும்பாலும் அற்கேன்களைப் போலவே நடந்துகொள்ளும். பென்சீன் அப்படியல்ல. மைக்கேல் பரடே 1825இல் பிரித்தெடுத்த இந்தத் திரவத்தில் ஆறு காபனும் ஆறு ஐதரசனும் எப்படி அமைந்துள்ளன என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 1865இல் கெக்குலே வளைய அமைப்பை முன்வைத்தார். ஆறு காபன்களுக்கும் பொதுவாக இலத்திரன்கள் பரவி நிற்பதால் அந்த வளையம் இலகுவில் உடையாது. பென்சீனைத் தலையாகக் கொண்டவை அரோமற்றிக் ஐதரோகாபன்கள்.

எண்ணெய் கடலில் கொட்டினால் ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு வழியில் போகும். சிறிய மூலக்கூறுகள் சில நாட்களில் ஆவியாகிவிடும். நேர்ச் சங்கிலி அற்கேன்களை அல்கனிவோராக்ஸ் போன்ற பற்றீரியாக்கள் முதலில் தின்று தீர்க்கும். கிளைச் சங்கிலிகளும் வளையங்களும் பிந்தும். பென்சீன் வகைகள் தண்ணீரில் ஓரளவு கரைவதால் மீன்களுக்கு உடனடி நஞ்சாகும். பல வளையங்கள் ஒட்டிய அரோமற்றிக் சேர்வைகளோ சேற்றில் வருடக்கணக்கில் தங்கிவிடும்.

பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது. நாம் அன்றாடம் கையாளும் பெற்றோலிலும் அது சிறிதளவு உண்டு. ஆகவே கராஜிலும் படகுத்துறையிலும் கிறீஸ் பட்ட கையைப் பெற்றோலில் கழுவுவதையும், குழாயை வாயில் வைத்து உறிஞ்சி எண்ணெய் எடுப்பதையும் இன்றோடு விட்டுவிடுங்கள். கைக்குச் சவர்க்காரம் போதும். எண்ணெய் எடுக்கக் கைப்பம்பி இருக்கிறது.