கம்பெனி மூடிவிட்டது, சக்கரம் என்ன ஆகும்?

வைகைக் கரையில் உள்ள சோழவந்தான் பக்கம் காலை நேரத்தில் போனால், கொடிக்காலிலிருந்து வெற்றிலைக் கட்டும் தோப்பிலிருந்து தேங்காய் மூட்டையும் ஏற்றிவரும் பழைய 28 அங்குலச் சைக்கிள்களை இன்றும் காணலாம். மோட்டார் வண்டிகள் எவ்வளவோ பெருகிவிட்ட பின்பும் இவை அடியோடு மறைந்துவிடவில்லை. வண்டி, ஆள், பாரம் மூன்றையும் கூட்டினால் நூறு கிலோவைத் தாண்டும். இத்தனை எடையையும் தாங்குபவை எவை தெரியுமா? இந்த வகைச் சைக்கிளில் வழக்கமாக முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40, ஆக 72 மெல்லிய எஃகுக் கம்பிகள். ஸ்போக்ஸ் கம்பி என்று கடைக்காரர் சொல்லும் இந்த ஆரக்கம்பி ஒவ்வொன்றின் குறுக்களவும் சுமார் 2 மில்லிமீட்டர்தான்.

இத்தகைய சைக்கிள்கள் சிலவற்றில் 'அட்லஸ்' என்ற பெயர் பொறித்திருக்கும். 1951ஆம் ஆண்டில் வடக்கே சோனிபத் நகரில் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. தில்லிக்கு அருகே சாகிபாபாத்தில் இருந்த அதன் தொழிற்சாலை 2020 ஜூன் 3ஆம் தேதி மூடப்பட்டது. அன்றுதான் உலக மிதிவண்டி நாள் என்பது ஒரு விசித்திரம்! தொழிற்சாலை மூடியதால் அட்லஸ் வைத்திருந்தவர்கள் தங்கள் வண்டியைப் பரணில் போட்டுவிட்டார்களா? இல்லை. கம்பி ஒன்று அறுந்தால், சைக்கிள் கடைக்காரர் கொத்தாகக் கட்டி வைத்திருக்கும் கம்பிகளிலிருந்து நீளம் பார்த்து ஒன்றை உருவுவார், மாட்டுவார், நிப்பிளைத் திருகிக் கோட்டம் எடுப்பார். அந்தக் கம்பியைச் செய்தவர் யார் என்று அவரும் கேட்பதில்லை, வண்டிக்காரரும் கேட்பதில்லை.

இதே சைக்கிள் குடும்பத்தில் பணக்கார உறவினர் ஒருவர் உண்டு. பந்தயச் சைக்கிள்களுக்காகக் கார்பன் இழையால் செய்யப்பட்ட ஆரங்கள் கொண்ட சக்கரம்தான் அவர். எடை மிகக் குறைவு, விலையோ மிக அதிகம். ஆனால் இச்சக்கரங்களில் பல வகைகள் சில ஆண்டுகள் விற்பனையாகிவிட்டு நின்றுபோயின. நின்றபின் அவற்றில் ஓர் ஆரம் உடைந்தால், வைத்திருப்பவர் உலகெல்லாம் தேடவேண்டியிருக்கிறது. வெற்றிலைக்காரரின் சக்கரத்துக்கு இல்லாத இந்தத் துன்பம், விலை உயர்ந்த சக்கரத்துக்கு ஏன் வந்தது?

முதலில் ஆரக்கம்பி செய்யும் வேலையைத் தெரிந்துகொள்வோம். மாட்டுவண்டிச் சக்கரத்தின் மர ஆரம் தூண்போல் நின்று பாரத்தைத் தாங்குகிறது. 2 மில்லிமீட்டர் கம்பி தூணாக நிற்க முடியுமா? தரையில் நிறுத்தி விரலால் அழுத்தினாலே வளைந்துவிடும். ஆகவே கம்பிகளை முன்கூட்டியே இழுத்து முறுக்கி வைக்கிறார்கள். ஒவ்வொரு கம்பியும் ஏறக்குறைய 100 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு விறைக்குமோ அவ்வளவு விறைப்பாக இருக்கக்கூடும். நீங்கள் சைக்கிளில் ஏறி உட்காரும்போது, ஹப்புக்குக் கீழே தரையை நோக்கியிருக்கும் சில கம்பிகளின் விறைப்புச் சற்றுக் குறைகிறது. மற்றவற்றில் பெரிய மாற்றம் இல்லை. இருந்த இழுவிசையில் கொஞ்சத்தை விட்டுக்கொடுப்பதன் மூலமே கம்பி பாரத்தைத் தாங்குகிறது! இங்கிலாந்தில் ஜார்ஜ் கேலி என்பவர் 1808இலேயே பறக்கும் எந்திரத்துக்காக இத்தகைய இழுவிசைச் சக்கரத்தைச் சிந்தித்தார். கம்பிகளை ஹப்பின் ஓரத்தைத் தொட்டுச் சாய்வாகச் செல்லும்படி பின்னும் முறையை ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் கொண்டுவந்தார். நம் தெருவில் ஓடும் சைக்கிளில் இன்றும் அந்தப் பின்னல்தான்.

சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து மீண்டும் விறைக்கிறது. 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.2 மீட்டர் ஓடும். பள்ளிக்குப் போக 5 கிலோமீட்டர், வர 5 கிலோமீட்டர் என்றால் நாளொன்றுக்கு 4,500 முறைக்கு மேல். 200 பள்ளி நாட்களில் 9 லட்சம் முறை! இப்படித் திரும்பத் திரும்ப விசை மாறினால் உலோகம் சோர்வடையும். எஃகுக் கம்பி பெரும்பாலும் கொண்டையை ஒட்டிய வளைவில் அறுவது இதனால்தான்.

எடையைக் கணக்கிடுவோம். 2 மில்லிமீட்டர் குறுக்களவும் 30 சென்டிமீட்டர் நீளமும் உள்ள கம்பியின் பருமன் சுமார் 0.94 கன சென்டிமீட்டர். எஃகின் அடர்த்தி 7.85, எனவே எடை 7.4 கிராம். 72 கம்பிகளுக்கு 530 கிராம். பிசினில் தோய்த்த கார்பன் இழையின் அடர்த்தியோ சுமார் 1.6தான். அதே அளவில் செய்தால் 72க்கும் சேர்த்து 110 கிராம் அளவே வரும். மிச்சம் 420 கிராம். ஒரு சொம்புத் தண்ணீர்கூட இல்லை! தேங்காய் மூட்டை ஏற்றுபவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. பந்தய வண்டியில் கம்பிகளே குறைவு, ஆகவே மிச்சமும் இதைவிடக் குறைவு. ஆனால் மலையேறும் போட்டியில் நொடிகளை எண்ணுபவர் அதற்கும் பணம் கொடுக்கத் தயார்.

இழுத்தால் கார்பன் இழை எஃகுக் கம்பியையும் விஞ்சும். சிக்கல் நுனியில் இருக்கிறது. வாழைநாரை நினைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் இழுத்தால் பலம். முடிச்சுப் போட்ட இடத்தில் பலவீனம். எஃகுக் கம்பியின் ஒரு முனையைத் தட்டிக் கொண்டையாக்கலாம், வளைக்கலாம், மறுமுனையில் மரை போடலாம். கார்பன் ஆரத்தில் மரை வெட்டினால் இழைகள் அறுந்துபோகும்; செங்கோணமாக மடித்தால் ஒடிந்துவிடும். பின் எப்படித்தான் ஹப்போடும் ரிம்மோடும் இணைப்பது?

இங்கேதான் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி வழியில் போயிற்று. ஜெர்மனியின் 'லைட்வெயிட்' சக்கரத்தில் ஆரமும் ஹப்பும் ரிம்மும் பிசினால் ஒரே உடலாக ஒட்டப்பட்டன. அமெரிக்காவின் 'டோபோலினோ' சக்கரத்தில் கார்பனும் கெவ்லார் இழையும் சேர்ந்த ஆரம் ரிம்மின் ஒரு பக்கத்தில் தொடங்கி, ஹப்பின் ஊடே புகுந்து, எதிர்ப்பக்க ரிம்வரை ஒரே துண்டாகச் சென்றது. ஸ்பினர்ஜி நிறுவனம் 1990களில் விற்ற 'ரெவ்-எக்ஸ்' சக்கரத்தில் கம்பிகளுக்குப் பதில் அகன்ற கார்பன் பட்டைகள் இருந்தன. பிரான்சின் மாவிக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'ஆர்-சிஸ்' சக்கரத்துக்குக் குழல் வடிவ ஆரம். அது இழுவிசையோடு அமுக்கு விசையையும் தாங்கும் என்றார்கள். ஆனால் 2009இல் ஆரங்கள் உடையக்கூடும் என்று கண்டு, முன்சக்கரங்களை மாவிக்கே திரும்பப் பெற்றது.

அறிவுக்கூர்மையில் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல இவை. ஆயினும் ஒன்றின் ஆரம் மற்றொன்றுக்குப் பொருந்தாது! செய்த நிறுவனம் இருக்கும்வரை உதிரிப்பாகம் உண்டு. அது மாதிரியை மாற்றினாலோ, கைமாறினாலோ, நொடித்தாலோ கைவசம் உள்ள இருப்பே கடைசி. மாவிக்கே 2020 மே மாதத்தில் பிரெஞ்சு நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடவேண்டி வந்தது. ஜூலையில் வேறொரு குழுமம் அதை வாங்கிக்கொண்டது. வாங்குபவர் பழைய பொறுப்பையும் ஏற்றால் நல்ல காலம்.

அப்படியானால் நின்றுபோன சக்கரத்தை வைத்திருப்பவருக்கு வழியே இல்லையா? இருக்கிறது, ஆனால் பாதிதான். சக்கரத்தைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு வியப்பு. டயருக்குக் கவலை இல்லை. பந்தயச் சக்கரங்களில் பெரும்பாலானவை 622 மில்லிமீட்டர் என்ற பொது அளவைக் கொண்டவை. பேரிங்கும் பல சக்கரங்களில் பொது அளவே. அதன் ஓரத்தில் 6001 என்று பொறித்திருந்தால் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 28, அகலம் 8 மில்லிமீட்டர் என்று பொருள். அந்த எண்ணைச் சொன்னால் மதுரையில் மோட்டார், பம்புசெட் பேரிங் விற்கும் கடையிலேயே வாங்கிவிடலாம். அகப்படாதவை ஆரமும் அதன் இணைப்புகளுமே. அவற்றுக்குப் பழைய விற்பனையாளரின் மீதி இருப்பைத் தேடவேண்டும்; அல்லது ரிம் நசுங்கிய அதே வகைச் சக்கரம் ஒன்றை வாங்கி, அதன் உறுப்புகளைக் கழற்றி இதற்கு மாட்டவேண்டும். ஒட்டியே செய்த சக்கரத்தில் இந்த உறுப்பு மாற்றுச் சிகிச்சையும் நடக்காது.

எச்சரிக்கை ஒன்று. எஃகுக் கம்பி துருப்பிடிக்கும், வளையும். பழுதைக் கண்ணுக்குக் காட்டும். கார்பனில் அடுக்குகள் உள்ளுக்குள்ளேயே பிரிந்திருக்க, மேலே வண்ணப்பூச்சு பளபளக்கும். விமானப் பணிமனைகளில் இத்தகைய பாகங்களை நாணயம் போன்ற சிறு உலோகத்தால் தட்டிப் பார்ப்பதுண்டு. கணீர் என்ற ஒலி ஓரிடத்தில் மட்டும் மந்தமானால் உள்ளே பிளவு என்று சந்தேகிப்பார்கள். சந்தையில் மண்பானையைத் தட்டி வாங்கும் பாட்டியின் முறையேதான்! ஆனால் இந்தச் சோதனை எல்லாப் பிளவுகளையும் காட்டாது. பழுதான கார்பன் ஆரத்தை வீட்டில் பசை போட்டு ஒட்டி ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். உதிரிப்பாகம் கிடைக்கவில்லை என்றால் அந்தச் சக்கரத்தைச் சுவரில் மாட்டி அழகு பார்ப்பதே நல்லது.

பழி கார்பனுடையதன்று என்பதையும் சொல்லவேண்டும். இன்று வரும் இழை ஆரங்கள் பலவற்றில் நுனியில் மரையிட்ட உலோக முனையை ஒட்டிவிடுகிறார்கள். அதனால் ஓர் ஆரத்தை மட்டும் கழற்றி மாற்றலாம், நிப்பிளைத் திருகிக் கோட்டமும் எடுக்கலாம். பட்டைச் சக்கரம் செய்த ஸ்பினர்ஜியே பின்னர் மாற்றக்கூடிய இழை ஆரங்களுக்கு வந்துசேர்ந்தது. விற்ற பொருளைப் பழுதுபார்க்கும் உரிமை பற்றி அரசுகளும் பேசத் தொடங்கியுள்ளன. வேளாண் கருவிகள், கைபேசி முதலிய மின்னணுக் கருவிகள், வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளுக்காக நம் நாட்டில் 2022இல் ஒரு வலைத்தளமே திறக்கப்பட்டது. ஒரு மாதிரியை நிறுத்தும் நிறுவனம் அதன் ஆரத்தின் அளவையும் வரைபடத்தையும் வெளியிட்டுவிட்டால் மற்றொருவர் செய்து கொடுக்கலாமே என்பது என் கருத்து. கண்ணியமான நிறுவனத்துக்கு அதில் பெரிய நஷ்டம் இருக்காது.

உங்கள் வீட்டுச் சைக்கிள் டயரின் பக்கவாட்டை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். பழைய பெரிய சைக்கிளானால் 28 x 1½ என்றோ 40-635 என்றோ எழுதியிருக்கும். இதில் 40 டயரின் அகலம், 635 டயர் அமரும் வட்டத்தின் விட்டம்; இரண்டும் மில்லிமீட்டரில். பிறகு சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஒரே பக்கத்துக் கம்பிகளை வீணை நரம்பைப்போல் ஒவ்வொன்றாக விரலால் மீட்டுங்கள். ஏறக்குறைய ஒரே சுரம் கேட்கவேண்டும். ஒன்று மட்டும் 'தொப்'பென்று ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது. சுண்ணக்கட்டியால் அதில் குறியிட்டு, சைக்கிள் கடைக்காரரிடம் காட்டுங்கள். நிப்பிளுக்கு எத்தனை திருகல் கொடுக்கிறார் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.