சேம்பை வளர்ப்போம், கொசுவை வளர்க்க வேண்டாம்



நம் பிள்ளைகள் பலர் சிங்கப்பூரில் வேலை பார்த்து, அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கிறார்கள். தோட்டத்தில் வளர்ந்த கை சும்மா இருக்குமா? வாசலில் நாலு தொட்டி வைத்துவிடுகிறார்கள். போன தீபாவளிக்கு என் அக்காள் மகள் வீட்டுக்குப் போனேன். "தேக்கா சந்தையில வாங்கின சேப்பங்கிழங்கு முளைச்சிருந்துச்சு மாமா, தொட்டியில வச்சேன்" என்று பெருமையாகக் காட்டினாள். செடி நல்ல செழிப்பு. அடித்தட்டைத் தூக்கிப் பார்த்தேன், கொசுப்புழு நெளிந்தது. உள்ளே கைக்குழந்தை தூங்குகிறது!

"சேம்புக்குத் தண்ணி வேணுமே மாமா?" என்றாள். வேண்டும்தான். ஆனால் செடிக்கு வேண்டியது மண்ணில் ஈரம். தட்டில் தேங்கும் நீர் கொசுவுக்குத்தான் பயன்படும்.

சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டில் மட்டும் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கி கண்டது. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட, 20 காசு அளவு தேங்கிய நீர் போதும். ஏறக்குறைய ஒரே வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். அடியில் ஓட்டையுள்ள பெரிய தொட்டியில், முளை மேலே இருக்கும்படி மூன்று விரல் ஆழத்தில் கிழங்கை நடுங்கள். தினமும் மண் நனைய ஊற்றினால் போதும். தட்டை எடுத்துவிடுவதே நல்லது. வைத்தே ஆகவேண்டுமானால், ஒருநாள் விட்டு ஒருநாள் நீரைக் கொட்டி விளிம்பைத் தேய்த்துக் கழுவுங்கள். ஒட்டிய முட்டை காய்ந்தாலும் பல மாதம் உயிரோடிருக்கும். மண் இறுகினால் கிளறிவிடுங்கள். சேம்பிலையும் தாமரை இலை மாதிரிதான், நீர் ஒட்டாது. உருண்டோடித் தண்டின் மடிப்பில் தங்கும். மழை விட்டதும் சாய்த்து வடித்துவிடுங்கள். ஏழெட்டு மாதத்தில் இலை பழுத்ததும் கிழங்கைத் தோண்டலாம்.

இலை, தண்டு, கிழங்கு எதையும் பச்சையாகத் தின்னக் கூடாது. அதிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் வாயையும் தொண்டையையும் அரிக்கும். நன்றாக வேகவைத்து, புளி சேர்த்துச் சமையுங்கள். அழகுக்கு வளர்க்கும் கெலாடியைச் சேம்பு என்று எண்ணிச் சமைத்துவிடாதீர்கள்.

திடீர்க் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டுவலி கண்டால் டாக்டரைப் பாருங்கள். அதுவரை ஆஸ்பிரின் வேண்டாம். அது இரத்தக் கசிவைக் கூட்டும். கடும் வயிற்றுவலியோ, ஈறில் இரத்தமோ கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அடுத்தமுறை பிள்ளைகளோடு போனில் பேசும்போது, "சாப்பிட்டியா?" என்று கேட்ட கையோடு, "தட்டைக் கவிழ்த்தியா?" என்றும் கேளுங்கள்.