திராட்சையா, வாளா? – விற்ற பொருளும் ஆலையாரின் பொறுப்பும்

நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் பாலத்தைக் கடந்து கடலூர்ச் சாலையில் செல்வோர் எவரும் மதுக்கடைகளின் பெயர்ப்பலகைகளைக் காணாமல் செல்ல இயலாது. அவை உரிமம் பெற்ற கடைகள். அவற்றைப் பற்றி எழுதுவது இங்கு நமது நோக்கமன்று. உரிமம் பெற்ற ஓர் ஆலையின் வாயிலைவிட்டு வெளியேறிய பொருள், பல கைகள் மாறி, முன்பின் அறியாத ஒருவரின் உயிரைப் பறித்தால் அந்த ஆலையாருக்கு அதில் பங்கு உண்டா என்பதே நாம் எடுத்துக்கொண்ட வினா.

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவர் கிராமத்திலும், செங்கற்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர்ப் பகுதியிலும் விஷச்சாராயம் அருந்தி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது காய்ச்சி இறக்கிய சாராயமே அன்று, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று காவல்துறை அறிவித்தது. சென்னையில் இரசாயன ஆலை நடத்திய ஒருவரும், இடையில் வாங்கி விற்றவர்களும் கைது செய்யப்பட்டனர். அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி நமது புதுச்சேரியிலும் இருந்ததாகச் செய்திகள் வந்தன. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே நஞ்சு அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. யார் எவ்வளவு குற்றவாளி என்பது நீதிமன்றத்தின் பணி. நாம் அதில் புகவில்லை.

மெத்தனால் வர்ணம், வார்னிஷ், மருந்து, பார்மால்டிஹைடு முதலியவற்றின் உற்பத்திக்கு இன்றியமையாத பொருள். பார்வைக்கும் மணத்துக்கும் சாராயத்தைப் போன்றே இருக்கும். உடலுக்குள் சென்றபின் கல்லீரலில் பார்மால்டிஹைடாகவும், பின்னர் பார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. அந்த அமிலமே கண்ணின் நரம்பைக் கெடுத்து, உயிரையும் வாங்குகிறது. குடித்தவுடன் ஒன்றும் தெரிவதில்லை. பல மணிநேரம் கழித்தே பார்வை மங்கத் தொடங்கும். மருத்துவமனைக்குத் தாமதமாக வந்து சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்நாட்களில் நாம் வகுப்பில் ‘ஹிதாயா’ பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்கள் அடுத்தடுத்து இரு சட்டங்களை அதில் வைக்கிறார்கள். குழப்பக் காலத்தில், குழப்பக்காரன் என்று அறியப்பட்டவனுக்கு ஆயுதம் விற்பது வெறுக்கத்தக்கது. ஆனால் மதுவாக்குவான் என்று தெரிந்தும் ஒருவனுக்குத் திராட்சைச் சாறு விற்பதில், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடத்தில் குற்றமில்லை. காரணம், வாள் இருந்தபடியே பாவத்துக்குக் கருவியாகிறது. சாறோ மாறிய பின்னரே மதுவாகிறது. “மெத்தனால் வாளா, திராட்சையா?” என்று ஒரு மாணவர் கேட்டார். நமது ஆசிரியப் பணியில் இவ்வளவு பொருத்தமான கேள்விகள் அடிக்கடி வந்ததில்லை.

வாள் என்பதே நமது விடை. தண்ணீர் கலந்தாலும் அதன் நஞ்சு மாறுவதில்லை. ஆலையிலிருந்து எப்படிப் புறப்பட்டதோ அப்படியே அது கொல்கிறது. திராட்சை விஷயத்திலும் இமாமவர்களின் மாணவர் இருவர் உடன்படவில்லை என்பதை மறத்தலாகாது. ஷாஃபிஈ மத்ஹபில், மதுவாக்குவான் என்று அறிந்தோ, வலுவாக எண்ணியோ விற்பது ஹராம். வெறும் ஐயமாயின் மக்ரூஹ். எவ்வாறாயினும் வணிக ஒப்பந்தம் செல்லும். ஹன்பலீ அறிஞர் இப்னு குதாமா (ரஹ்) அவர்களோ அறிந்து விற்ற ஒப்பந்தமே செல்லாது என்கிறார்கள். ஆக, எல்லாத் தரப்பும் ஒரு சொல்லில் வந்து நிற்கின்றன: அறிந்து. ஐயத்தை மட்டும் கொண்டு ஆயுத விற்பனை வெறுக்கத்தக்கதாகாது என்று ஹிதாயாவே கூறுகிறது.

இதே சொல்லின் மீதுதான் அமெரிக்கத் துப்பாக்கி வழக்குகளும் நிற்கின்றன. அங்கு ஆலையார் மொத்த வணிகருக்கும், அவர் சில்லறைக் கடைக்காரருக்கும் விற்பர். சில கடைகளில் ஒருவர் தம் பெயரில் வாங்கி, வாங்கத் தகுதியற்ற மற்றொருவரிடம் கொடுத்துவிடுவதுண்டு. 2000ஆம் ஆண்டு வெளியான அரசு அறிக்கையின்படி, குற்ற விசாரணையில் பூர்வீகம் தேடப்பட்ட துப்பாக்கிகளில் பாதிக்கும் மேற்பட்டவை, சுமார் நூற்றுக்கு ஒரு கடையிலிருந்து வந்தவை. எந்தக் கடை என்று அறிய விரும்பினால் அறியலாம் என்பதே இதன் பொருள். அவ்வாண்டு மார்ச்சில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் தன் கடைக்காரர்களுக்கு நடத்தை விதிகளை விதிக்க அரசுடன் ஒப்புக்கொண்டது. துப்பாக்கி ஆர்வலர்கள் அதன் பொருள்களைப் புறக்கணித்தனர். மறு ஆண்டே அந்நிறுவனம் மிகக் குறைந்த விலைக்குக் கைமாறியது. 2005 அக்டோபரில் வந்த சட்டமோ பிறர் செய்த குற்றத்துக்காக ஆலையார் மீது வழக்குத் தொடர்வதையே பெரும்பாலும் தடுத்துவிட்டது. தெரிந்தே விற்பனைச் சட்டத்தை மீறியிருந்தால் மட்டும் ஒரு வாயில் திறந்திருந்தது.

அவ்வாயில் வழியாக 2021இல் மெக்சிகோ அரசு நுழைந்தது. கடத்தற்காரர்களுக்கு விற்கும் கடைகளை அறிந்தே ஆலையார் அவற்றுக்குத் துப்பாக்கி அனுப்புகின்றனர் என்பது அதன் முறையீடு. மெக்சிகோ புரட்சி வீரர் சபாட்டாவின் உருவம் பொறித்த கைத்துப்பாக்கியும் அதில் சான்றாகக் காட்டப்பட்டது. 2025 ஜூன் 5ஆம் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒருமனதாக அதைத் தள்ளியது. கெட்ட கடைகள் சில உண்டென்று பொதுவாக அறிந்திருப்பது உடந்தையாகாது. எந்தக் கடை, எந்த விற்பனை என்று முறையீடு சுட்டவில்லை என்பது தீர்ப்பின் சாரம். சட்டத்தின் சொற்களை நோக்கினால் இதைப் பிழையென்று நாம் சொல்லத் துணியமாட்டோம். ஆனால் கணக்கேட்டைத் திறந்து பாராதவருக்கு அது நல்லதொரு புகலிடமாகிவிடுகிறது.

நமது ஃபிக்ஹிலும் அத்தகைய புகலிடம் இருப்பதாகச் சிலர் எண்ணக்கூடும். செயலை நேரடியாகச் செய்தவனும் அதற்குக் காரணமானவனும் சேர்ந்திருக்கையில் செய்தவனையே பொறுப்பாக்குவது உஸ்மானியரின் ‘மஜல்லா’வில் 90ஆம் விதி. அதன்படி, மெத்தனாலைச் சாராயமென்று ஊற்றிக்கொடுத்தவனே பொறுப்பாளி, ஆலையார் தப்பினார். ஆயினும் இவ்விதிக்கு ஹனஃபீ அறிஞர்கள் ஒரு விலக்கைக் குறித்துள்ளனர். அமானிதப் பொருள் இருக்குமிடத்தைத் திருடனுக்கு வழியே போகும் ஒருவன் காட்டினால் அவன் மீது ஈட்டுப் பொறுப்பில்லை. அப்பொருளைக் காப்பதாக ஏற்றுக்கொண்டவனே காட்டினால் பொறுப்புண்டு. இருவர் செயலும் ஒன்றுதான். ஒருவன் காவலை ஏற்றிருந்தான், மற்றவன் ஏற்கவில்லை.

உரிமம் என்பது இந்தக் காவலை ஏற்பதே என்று நாம் கருதுகிறோம். தமிழ்நாட்டில் மெத்தனாலை வைத்திருக்கவே உரிமம் வேண்டும். எல்லோருக்கும் தடுக்கப்பட்ட ஒன்றை எனக்கு மட்டும் தாருங்கள், நான் காப்பேன் என்று கேட்டு வாங்கியவர் வழிப்போக்கர் அல்லர். திராட்சைத் தோட்டக்காரருக்குள்ள சலுகையை அவர் கோர இயலாது. வாங்க வந்தவருக்கு உரிமம் உண்டா, அவரிடம் வர்ண ஆலை உண்டா, கேட்ட அளவு அவர் தொழிலுக்குத் தகுமா என்பவற்றைப் பாராமல் பீப்பாயை உருட்டிவிட்டவர், ‘எமக்குத் தெரியாது’ என்று சொல்வது, காவலாளி தாம் உறங்கிவிட்டதாகச் சொல்வதைப் போன்றது.

நாட்டின் சட்டம் இவ்விடத்தில் இன்னும் தெளிவாக வேண்டியுள்ளது. 1986இன் ஓலியம் வாயு வழக்கில் உச்சநீதிமன்றம் வகுத்த முழுப்பொறுப்புக் கோட்பாடு, ஆலையிலிருந்து கசிந்து வெளியேறிய நஞ்சைப் பற்றியது. பற்றுச்சீட்டுடன் வாயில் வழியே சென்ற நஞ்சைப் பற்றி அன்று. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, தவறாகப் பயன்படுத்தப்பட்ட பொருளுக்காக விற்றவர் மீது வழக்கிட இயலாது என்கிறது. கள்ளக்குறிச்சிக்குப் பின் 2024இல் மதுவிலக்குச் சட்டத்தில் தண்டனைகள் ஆயுள் சிறைவரை கூட்டப்பட்டன. அது தேவையே. எனினும் துயரம் நடந்தபின் தண்டனையைக் கூட்டுவது ஒன்று. பீப்பாய் ஒவ்வொரு கையிலும் எங்கிருக்கிறது என்று அறிந்திருப்பது வேறொன்று.

அம்மாணவர் மறுநாள் மீண்டும் எழுந்தார். ஆலையாரிடம் முறைப்படி வாங்கிய வர்ணக்காரர் மூன்றாமவருக்கு விற்றால் ஆலையாரின் காவல் அங்கும் தொடருமா என்றார். தொடராது, அந்த அமானிதம் இப்போது வர்ணக்காரருடையது என்றோம். ஆனால் அதே வர்ணக்காரர் அடுத்த மாதம் இருமடங்கு கேட்டு வந்தால்? அப்போது ஆலையாரின் பேரேட்டில் இரு எண்களும் அடுத்தடுத்து இருக்கும்.