தசைக்குள் சர்க்கரை புகும் வழி

கீழ் கோத்தகிரியின் தேயிலைச் சரிவில் பசுந்தேயிலை பறித்து, முதுகுப் பையின் கனத்தோடு எடைபோடும் இடத்துக்கு ஏறிவரும் பெண்ணின் தொடைத் தசை ஒவ்வோர் அடிக்கும் சுருங்க, அதற்கு வேண்டிய குளுக்கோஸ் இரத்தத்திலிருந்து வந்தாக வேண்டும். ஆனால் உயிரணுவின் சவ்வு கொழுப்பாலானது. நீரில் கரையும் சர்க்கரை அதைத் தானே கடக்க இயலாது. அதைக் கடத்திவிடவே 'குளூட்' என்னும் புரதங்கள் இருக்கின்றன. மனித சரீரத்தில் இவை 14 வகை. தசையிலும் கொழுப்புத் திசுவிலும் பிரதானமானது குளூட்-4.

ஓய்வில் இது உயிரணுவின் உள்ளே நுண்பைகளில் ஒடுங்கிக் கிடக்கும். உண்டபின் இன்சுலின் சுரந்ததும் சில நிமிஷங்களில் மேற்பரப்புக்கு வந்துவிடும். எவ்வளவு புரதம் இருக்கவேண்டும் என்பதை நிர்ணயிப்பதோ மரபணு. உழைப்பில் தசையின் சக்தி இருப்புக் குறைந்து, கால்சியம் பெருகும்போது, அந்த மரபணுவை அடக்கிவைத்திருந்த ஒரு நொதி உட்கருவை விட்டு வெளியேற, புதிய குளூட்-4 உற்பத்தியாகிறது. மேட்டில் ஏறுவது நிறுத்தப்பட்டால் சில தினங்களிலேயே இந்த வளம் குன்றிவிடுகிறது.

நீரிழிவில் தசையிலுள்ள புரதமே அழிந்துபோகிறது என்று பலர் எண்ணுவது சரியன்று. இரண்டாம் வகை நீரிழிவில் கொழுப்புத் திசுவின் மரபணு மங்குவது மெய். தசையிலோ புரதம் ஏறக்குறைய வழக்கமான அளவிலேயே இருக்க, இன்சுலினின் கட்டளைதான் அதற்கு எட்டாமற்போகிறது. அந்நிலையிலும் தசைச் சுருக்கம், இன்சுலினை எதிர்பாராமல் வேறொரு மார்க்கத்தில், அப்புரதத்தை மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது என்பதை, இத்துறை கண்டவற்றுள் மிகவும் ஆறுதலானதாக நான் மதிக்கிறேன். இந்த ஆறுதல் தேவைப்படுவோர் சிலரல்லர்: சென்னை ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய தேசிய ஆய்வு, நம் நாட்டு நீரிழிவாளர்கள் 10 கோடிக்கும் மேற்பட்டவர்கள் என்று 2023-இல் அறிவித்தது. உணவும் மாறிவிட்டது: சாமையும் ராகியும் உண்டு மேடேறிய மலைக் குடும்பங்களிலும் இன்று அரிசியே பிரதான ஆகாரம்.

இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர் மட்டும் காலை ஆகாரத்தைத் தவிர்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் புறப்படலாகாது. ஊசியும் உழைப்பும் ஒருங்கே சர்க்கரையைத் தசைக்குள் இழுப்பதால், சரிவில் நிற்கும்போதே வியர்த்துக் கண் இருண்டுவிடும். இழந்த இருப்பைத் தசை நிரப்பிக்கொள்ளும் அன்றிரவிலும் அது நேரலாம். மடியில் கொஞ்சம் சர்க்கரை முடிந்துகொண்டு போவது அவசியம்.