இருபது மில்லிகிராம், யாருக்கு?

போன மாதம் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினார். "மண்ணு ஓகேன்னு போட்டிருக்காங்க, ஒரு தடவை பார்த்துட்டு சொல்லுங்க" என்றார். மூடிப் பல வருஷமான பெட்ரோல் பங்க் இருந்த இடம். அதை வாங்கி ப்ளே ஸ்கூல் கட்டுவது அவர் திட்டம். நாற்பது பக்க அறிக்கையின் கடைசியில் முடிவு ஒரே வரியில் இருந்தது: வணிகப் பயன்பாட்டுக்கு ஏற்கத்தக்க அளவில் உள்ளது. அவர் கண்ணில் பட்டது 'ஏற்கத்தக்க'. நான் 'வணிக' என்ற சொல்லைத் தாண்டவே இல்லை.

மண்ணில் விஷம் இருந்தாலே ஆபத்து என்றுதான் நாம் நினைக்கிறோம். இந்தத் துறையில் கேள்வியே வேறு. விஷம் எங்கே இருக்கிறது, எந்த வழியாக வெளியே வருகிறது, அந்த வழியின் முடிவில் யார் இருக்கிறார்கள்? மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் ஆபத்து இல்லை. அதனால் ஒரே மண் ஒருவருக்குப் பாதுகாப்பாகவும் இன்னொருவருக்கு ஆபத்தாகவும் இருக்கலாம். கேட்க ஏமாற்று வேலை மாதிரி இருக்கும். கணக்கு போட்டுப் பார்த்தால் புரியும்.

கணக்குக்கு நமக்குத் தெரிந்த இடத்தையே எடுத்துக்கொள்வோம். கொடைக்கானல் தர்மாமீட்டர் தொழிற்சாலை. 1983-ல் தொடங்கியது, பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடக்கிறது என்று தெரியவந்ததும் ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனது. மீதிப் பிரச்சினை ஆலை வளாகத்து மண். அதைச் சுத்தம் செய்ய வைத்த இலக்கு, ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம். அது போதாது என்று அங்கே பல வருஷம் சண்டை நடந்தது.

இந்த 20 எப்படிப்பட்ட எண்? நான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் வழக்கமான அனுமானங்களை வைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு சின்னக் குழந்தை, 15 கிலோ எடை. மண்ணில் விளையாடி, கையை வாயில் வைத்து, ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் மண் தின்கிறது (ஒரு சிட்டிகை கூட இல்லை). அந்த மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் இருந்தால் குழந்தைக்குள் போவது தினமும் 4 மைக்ரோகிராம். பாதரச உப்புக்கு அந்த முகமை வைத்திருக்கும் வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.3 மைக்ரோகிராம். 15 கிலோவுக்கு 4.5. அதாவது குழந்தை வரம்புக்கு உள்ளேதான் இருக்கிறது, மயிரிழையில்.

அதே மண்ணில் ஓர் அலுவலகம் கட்டுங்கள். 80 கிலோ ஆள், ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் மண். உள்ளே போவது 2 மைக்ரோகிராம், வரம்பு 24. வருஷத்தில் 250 நாள்தான் வருவார் என்றால் இன்னும் குறையும். மண்ணில் ஒரு துகள்கூட மாறவில்லை, ஆபத்து மட்டும் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்காகிவிட்டது. 'வணிகப் பயன்பாடு' என்ற சொல்லின் வேலை இதுதான்.

இதில் இரண்டு ஓட்டைகள். முதலாவது, 20 என்று வரும் எண் மொத்தப் பாதரசம். அது எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. 2009-ல் பிரிட்டன் வெளியிட்ட வழிகாட்டு அளவுகளைப் பாருங்கள். குடியிருப்பு மண்ணில் பாதரச உப்பு என்றால் கிலோவுக்கு 170 மில்லிகிராம், உலோகப் பாதரசம் என்றால் 1. உலோகம் ஆவியாகி மூச்சு வழியே போகும், அதனால்தான் இவ்வளவு வித்தியாசம். தர்மாமீட்டருக்குள் இருப்பது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது ஓட்டை, என் கணக்கில் குழந்தை மண்ணை மட்டும்தான் தின்கிறது. கொடைக்கானல் ஆலை சோலைக்காட்டுச் சரிவுக்கு மேலே இருக்கிறது. மழையில் அடித்துப்போகும் பாதரசம் நீர்நிலைச் சேற்றில் பாக்டீரியாவால் மெத்தில் பாதரசமாக மாறும், அது மீனில் சேரும். வேலிக்குள் நிற்கும் ஆளை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு மீனைப் பிடிக்காது.

சரி, நண்பரின் பங்க். அங்கே வில்லன் பென்சீன், ரத்தப் புற்றுநோயோடு தொடர்புள்ளது. குடிநீரில் உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். "வாசனை வந்தா தெரிஞ்சிடுமே" என்றார் நண்பர். பென்சீன் தண்ணீரில் மூக்குக்கோ நாக்குக்கோ தெரிவதற்குள் அந்த அளவைப் பல மடங்கு தாண்டியிருக்கும்.

பெட்ரோல் தண்ணீரை விட லேசானது, நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். நீர்மட்டம் மழைக்கு ஏறி, கோடையில் இறங்கும்போது கூடவே ஏறி இறங்கி, நடுவில் இருக்கும் மண்ணில் பூசிக்கொண்டே போகும். அதனால் மே மாதம் எடுத்த மாதிரியும் டிசம்பரில் எடுத்ததும் வேறு வேறு கதை சொல்லலாம். இந்த அறிக்கைக்கு ஒரே ஒரு முறை, ஏப்ரலில் எடுத்திருக்கிறார்கள். துளை போட்ட இடங்களை வரைபடத்தில் பார்த்தேன். பூமிக்கடியில் டாங்க் இருந்த மூலையில் ஒன்றுகூட இல்லை! எல்லாம் வண்டி நிறுத்தும் பக்கம்.

அனுமானப் பட்டியல் இருபத்தேழாம் பக்கத்தில் இருந்தது. பெரியவர்கள், எட்டு மணி நேரம், நிலத்தடி நீர் பயன்படுத்தப்படாது, திறந்த கட்டுமானம். நண்பர் கட்டப்போவது மூன்று வயதுக் குழந்தைகளுக்கு, தரைத்தளத்தில், ஜன்னல் மூடிய ஏசி அறைகள். தரை விரிசல் வழியே மேலேறும் ஆவிக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. போதாக்குறைக்கு போர் போடவும் ஆளைப் பார்த்துவிட்டார். அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. அது அவருடைய கட்டடத்தைப் பற்றிய அறிக்கையே இல்லை, அவ்வளவுதான்.

டாங்க் மூலையிலும், நீரோட்டம் போகும் பக்கத்து வேலி ஓரத்திலும் மாதிரி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். தரைக்கடியில் மண் காற்றையும் சோதிக்க வேண்டும், மழை முடிந்து இன்னொரு தடவை தண்ணீரும். செலவைக் கேட்டதும் முகம் சுண்டிவிட்டது. "பெரிய ரிப்போர்ட்டே இருக்கும்போது எதுக்குண்ணே?" என்று இரண்டு முறை கேட்டார். இருபத்தேழாம் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை.